அல்லிக்குளம் பூங்காவின் சீசாப் பலகை

“‘மூணு தடவை பெல் அடிச்சேன். வெத்தலை பாக்குத் தட்டு, பத்திரிகை, குங்குமச் சிமிழ் எல்லாத்தையும் ஏந்திக்கிட்டு வெயில்ல நின்னேன். உள்ளே டிவி ஓடுது, குக்கர் விசில் அடிக்குது, அக்கா வேணும்னே கதவைத் திறக்கலை.’ இதுதானே அவ சொல்றது? இதைத்தானே ஊர் பூரா ஒப்பிச்சுக்கிட்டுத் திரியறா? பெல் அடிச்சிருந்தா எனக்குக் கேட்காதா? என் காது என்ன அடைச்சா கிடக்கு?”

தங்கை குமுதினியின் இழுப்பையும், வாக்கியத்துக்கு ஒன்றாக வரும் மூக்குறிஞ்சலையும் கூட விடாமல் நடித்துக் காட்டிவிட்டு, வசுமதி நடைபாதையின் நடுவிலேயே இடுப்பில் கை வைத்து நின்றாள். பின்னால் கைகளை முன்னும் பின்னும் தட்டியபடி வந்த நான்கு பேர் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“அடைச்சிருக்குன்னு நான் எப்ப சொன்னேன்?” என்றார் அவள் கணவர் நாகசுந்தரம்.

“ஓ, அதை வேற சொல்லணும்னு ஆசையா உங்களுக்கு?”

மின்வாரியத்தில் முப்பது வருடம் மேலதிகாரிகளிடம் பேசாமலே காலம் தள்ளியவர் அவர். கொக்குகளை எண்ணிக்கொண்டே நடந்தார்.

சண்டைக்கு வயது ஒன்றரை. குமுதினி தன் ஒரே மகள் தாரிணியின் கல்யாணத்துக்கு அக்காவை நேரில் வந்து அழைக்கவில்லை, பத்திரிகையைப் படமாக்கிக் கைப்பேசிக்கு அனுப்பினாள், அதனால் வசுமதி கல்யாணத்துக்குப் போகவில்லை; அவ்வளவுதான் கதை. அவ்வளவுதானா என்று கேட்பவர்களுக்கு இந்த ஊர் தெரியாது. வீடு தேடி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, தட்டில் பத்திரிகையை வைத்து நீட்டி, ‘அவசியம் வந்துடணும்’ என்று சொன்னால்தான் அது அழைப்பு. மற்றதெல்லாம் தகவல். கூடப்பிறந்த அக்காவுக்கு, அதுவும் தாரிணியைப் பள்ளிக்கூடம் விட்டதும் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து, தலை பின்னி, வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்து, இட்லிக்கு மேல் நெய் ஊற்றி வளர்த்த பெரியம்மாவுக்கு, தகவலா? வசுமதிக்குப் பிறந்தது இரண்டும் பையன்கள், இரண்டும் கடல் தாண்டிப் போய், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடியோவில் மூக்கையும் கூரை விசிறியையும் காட்டுபவை. பெண் என்று அவளுக்கு இருந்தது தாரிணிதான். அந்தப் பெண் மணமேடையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் வசுமதி வீட்டில் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா தங்கை இருவர் வீடும் அல்லிக்குளம் பூங்காவுக்கு அடுத்தடுத்த தெருக்களில் இருந்தன. இருவருக்கும் சர்க்கரை. இருவரையும் டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். ஒரே திசையில் நடந்தால் ஒருத்தி முதுகை இன்னொருத்தி பார்த்துத் தொலைக்க வேண்டும் என்று ஆளுக்கொரு திசையில் நடக்கத் தொடங்கினார்கள். வட்டப் பாதையில் எதிரெதிராக நடப்பவர்கள் சுற்றுக்கு இரண்டு முறை முகத்துக்கு முகம் சந்தித்தே தீர வேண்டும் என்பது, கான்வென்ட்டில் கணக்குக்குப் பதக்கம் வாங்கிய அக்காவுக்கும் தோன்றவில்லை, வங்கியில் குப்பை கொட்டிய தங்கைக்கும் தோன்றவில்லை. தோன்றிய பிறகு திசையை மாற்றிக்கொள்வது யார் என்பது மானப் பிரச்சினையாகிவிட்டது. ஆகவே காலைதோறும் மயில்கொன்றை மரத்தடியில் ஒருமுறை, குளத்தங்கரையில் ஒருமுறை என்று மாறி மாறி இருவரும் எதிர்ப்பட்டு, ஒருத்தி கொக்கைப் பார்க்க, ஒருத்தி குப்பைத்தொட்டியைப் பார்க்க, முகத்தைத் திருப்பித் திருப்பியே இருவருக்கும் கழுத்து வலி வந்து சேர்ந்தது.

சீசாப் பலகை விவகாரம் அந்த ஆடி மாதத்தில் ஆரம்பித்தது.

பூங்காவின் சிறுவர் பகுதியில் சறுக்குமரம், ஊஞ்சல், வண்ணம் உதிர்ந்த ஒட்டகச்சிவிங்கி இவற்றுக்கு நடுவில், எல்லாப் பூங்காக்களிலும் இருப்பதுபோல், ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும் சீசாப் பலகை ஒன்று இருந்தது. ஒரு நாள் காலை, நடப்போர் சங்கத் தலைவர் வக்கீல் தணிகாசலத்துக்கும் ஓய்வுபெற்ற ரோஸ்லின் டீச்சருக்கும் பூப் பறிப்பதைப் பற்றித் தகராறு. வக்கீலுக்கு முன்னால் அவர் வயிறு நடக்கும், பின்னால் அவர் நடப்பார். டீச்சரோ துணி காயப்போடும் கம்பி. ‘செடியில இருக்கிற நந்தியாவட்டையைப் பறிச்சு உங்க சாமிக்குப் போடறீங்க, அது திருட்டு’ என்றார் டீச்சர். ‘சத்தியமா கீழே விழுந்ததைத்தான் பொறுக்கறேன்’ என்றார் வக்கீல், பிளாஸ்டிக் பையைப் பின்னால் மறைத்துக்கொண்டு. பேசிப் பேசிக் கால் ஓய்ந்துபோன டீச்சர் சீசாவின் ஒரு முனையில் உட்கார்ந்தார். இவரை எழுந்திருக்க விடாமல் பேச வேண்டும் என்று வக்கீல் மறுமுனையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே, பையோடும் வயிற்றோடும், சோப்பு நுரை மாதிரி மெதுவாக மேலே போனார். துணிக்கம்பி டீச்சர் மண்ணில் கால் பதிய உட்கார்ந்திருக்க, வக்கீல் பலகையின் நீளம் அனுமதிக்கும் உயரத்தையும் தாண்டி, ஒட்டகச்சிவிங்கியின் கொம்புக்கு மேலே போய் நின்று, ஒரு செருப்பைக் கீழே தவறவிட்டார்.

சுற்றி நின்றவர்களில் ஒருவர், “இப்பதான் கிரீஸ் போட்டாங்க போல” என்றார். இன்னொருவர் அருகம்புல் சாற்றின் மிச்சத்தைக் குடித்து முடித்தார். ஆச்சரியம் எல்லாம் பலகையைப் பற்றியது அல்ல. பலகை எதற்காக அவரை ஏற்றியது என்று பின்னால் தெரிந்தபோது, வக்கீல் சொன்னது உண்மையாம், கீழே விழுந்த பூவைத்தான் பொறுக்கினாராம் என்பதுதான் நான்கு தெருவுக்கும் வியப்பாக இருந்தது.

டீச்சர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவர் எழுந்த பிறகும் மறுமுனை இறங்கவில்லை. காவலாளி தொங்கிப் பார்த்தார், சிரிப்பு மன்றத்தார் ஆறு பேர் தாழ்ந்த முனையை ஒன்றாகத் தூக்கிப் பார்த்தார்கள், பலகை அசையவில்லை. மதியம் வக்கீலின் மனைவி மாங்காய் பறிக்கும் துரட்டிக்கோலில் சாப்பாட்டுத் தூக்கைக் கட்டி நீட்டி, “இதுக்கும் வழக்குப் போடுவீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். வெயில் தாழ்ந்ததும் மனசு கேட்காமல் குடையோடு திரும்பி வந்த ரோஸ்லின் டீச்சர், “சரி சார், இறங்கி வாங்க” என்றார். உடனே பலகை, அதற்காகவே காத்திருந்ததுபோல, இறங்கியது.

அப்படித்தான் ஊர் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டது. மேலே போனவரை இறக்கிவிட, கீழே உட்கார்ந்தவர் வாய் திறந்தால்தான் முடியும் என்பது ஒன்று. அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. மேலே போவது ஜெயிப்பதா தோற்பதா என்பது மற்றொன்று. அதில் பெரிய சண்டை வந்தது. காய்கறிக் கடைத் தராசில் சரக்கு இருக்கிற தட்டுதானே தாழும், அப்படியானால் நான்தானே சரி என்றார் டீச்சர். சங்கத்தின் பொதுக்குழு குளத்தங்கரையில் கூடி, சுண்டல் தின்று, கடைசியில் ஒரு பக்கம் ‘சூரியன் கிழக்கே உதிக்கும்’ என்று சொல்ல ஒருவரையும், மறுபக்கம் ‘மேற்கே உதிக்கும்’ என்று சொல்ல இன்னொருவரையும் உட்கார வைத்தது. கிழக்கு மேலே போனது. மேற்குக்காரர், தனக்கு இதில் தனிப்பட்ட கருத்து எதுவும் இல்லை என்றும் சங்கம் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னதாகவும் வீட்டில் எல்லோரிடமும் விளக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு வந்தார்கள் பாருங்கள். கார் நிறுத்தும் இடத்துக்காக வருடக்கணக்கில் பேசாதிருந்த அடுக்குமாடிக்காரர்கள் வந்தார்கள். தோசை மாவு புளித்திருந்ததா இல்லையா என்பதற்காக மாமியாரும் மருமகளும் ஒரே ஆட்டோவில் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி வந்தார்கள். மீட்டருக்கு மேல் கேட்ட ஆட்டோக்காரரைப் பயணியே பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்து, தானே கீழே போனார். வாழைத்தண்டு சூப் விற்றவர் தள்ளுவண்டியைச் சிறுவர் பகுதிக்குப் பக்கத்தில் மாற்றிக்கொண்டார். தோற்றவர்கள் உஷாரானார்கள்: ‘காபி வாங்கித் தந்தாத்தான் இறக்குவேன்’ என்று பேரம் பேசி, ஜெயித்தவர் செலவில் டிபனே சாப்பிட்டார்கள். ஜெயித்தவர்களும் சீக்கிரமே பணிவைக் கற்றுக்கொண்டு, மேலே போகும்போதே ‘மன்னிச்சுக்கங்க, நீங்க சொன்னதுலயும் நியாயம் இருக்கு’ என்று கும்பிட்டபடி போனார்கள். கணவன்மார்களுக்கு அந்த மாதத்தில் திடீரென்று முட்டிவலி பரவியது, யாராலும் சீசாவில் உட்கார முடியவில்லை. வற்புறுத்தி உட்கார வைக்கப்பட்ட ஒரு ஜோடிக்குப் பலகை இப்படியும் போகாமல் அப்படியும் போகாமல் மேசை மாதிரி சமமாக நின்றது. இரண்டு பேரும் ஒரே அளவு சரி என்பதா, ஒரே அளவு தப்பு என்பதா என்று கொஞ்ச நேரம் கத்திவிட்டு, இருவரும் சேர்ந்து பலகையைத் திட்டிக்கொண்டே, பல வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு கட்சியாக வீட்டுக்குப் போனார்கள்.

பிள்ளைகளுக்குத்தான் கோபம். எங்கள் சீசாவை எப்போது தருவீர்கள் என்று அவர்கள் கும்பலாக வந்து கேட்டதும், சங்கம் மாலை நேரத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தது. அவர்கள் உட்கார்ந்தபோது பலகை எப்போதும்போலவே ஏறி இறங்கியது. ‘நீதான் கிள்ளினே’, ‘நீதான் முதல்ல’ என்று அவர்களும் சண்டை போட்டுக்கொண்டேதான் ஆடினார்கள். ஆனால் அந்தச் சண்டையில் நியாயம் ஒரு பக்கமே உட்கார்ந்து கொட்டாவி விடவில்லை, நொடிக்கொரு தரம் இடம் மாறியது.

இத்தனையிலும் வசுமதி சீசாப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. “நான் சொல்றது உண்மைன்னு ஒரு மரக்கட்டை வந்து சர்டிபிகேட் குடுக்கணுமா?” என்று நாகசுந்தரத்திடம் கேட்டாள். குமுதினியும் அந்தப் பக்கம் போகவில்லை. சிறுவர் பகுதி வரும்போதெல்லாம் நடையை வேகப்படுத்தினாள். அதை வசுமதி கவனித்தாள். கவனித்து, உள்ளுக்குள் ஒரு டம்ளர் மோர் குடித்ததுபோல இருந்தாள்.

புரட்டாசி முடியும் தறுவாயில் ஒரு நாள் காலையில் வீட்டு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் தாரிணி, ஏழு மாத வயிறோடு, கையில் தட்டோடு.

“கேட்டுச்சா பெரியம்மா? பெல் நல்லா வேலை செய்யுது” என்றாள்.

“வாயைப் பாரு. உள்ளே வாடி. நிக்காதே. ஏன் இப்படி மெலிஞ்சு கிடக்கே? உங்க மாமியார் சோறு போடறாங்களா, இல்லை சாப்பாட்டைப் படம் எடுத்து அனுப்பறாங்களா?”

தாரிணி சிரித்தாள். உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். தட்டை நீட்டினாள். முறைப்படி எல்லாம் செய்தாள். “வெள்ளிக்கிழமை வளைகாப்பு. பூங்காவுக்கு எதிர் மண்டபம். அவசியம் வந்துடணும். முதல் காப்பு, வேப்பிலைக் காப்பு, அதை நீங்கதான் போடணும்.”

வசுமதி தட்டை வாங்கவில்லை. வாங்காத கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். “உங்கம்மா வந்து கூப்பிடட்டும்.”

“அம்மா, நீங்க வந்து மன்னிப்பு கேட்கட்டும்னு சொல்றாங்க.”

“நானா? எதுக்குடி?”

“தெரியலை பெரியம்மா. கேட்டா அழறாங்க. காரணம் சொல்ல மாட்டேங்கறாங்க.” தாரிணி தட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மடியில் இடம் குறைவாகத்தான் இருந்தது. “குழந்தை பொறந்ததும் நான் கனடா போயிடுவேன். கல்யாண ஆல்பத்துல நீங்க இல்லை. அதைத் திறக்கவே எனக்குப் பிடிக்கலை. இதுலயும் நீங்க இல்லைன்னா அப்புறம் எதுல இருக்கப் போறீங்க?”

அழுகை வந்தால் வசுமதிக்குக் கோபம் வரும். அது அவள் சுபாவம்.

“சரி. ஒண்ணு பண்ணு. வெள்ளிக்கிழமை காலையில, மண்டபத்துக்குப் போறதுக்கு முன்னாடி, உங்கம்மாவைச் சீசாவுக்கு வரச் சொல்லு. பெல் அடிச்சாளா, அடிக்கலையா. ஒரே கேள்வி. நான் கீழே போனேன்னா, வயசுல சின்னவளா இருந்தாலும் பரவாயில்லை, எல்லார் முன்னாடியும் அவ கால்ல விழறேன். மேலே போனேன்னா அவ என் கையைப் பிடிச்சு மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

“பெரியம்மா…”

“போய்ச் சொல்லு. இரு, நெய் ஊத்தி ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டுப் போ.”

அவள் போன பிறகு நாகசுந்தரம் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, “நீ ஜெயிச்சுட்டேன்னா?” என்று கேட்டார்.

“ஜெயிச்சா ஜெயிச்சதுதான். அதுல என்ன கேள்வி?”

வெள்ளிக்கிழமை காலை பூங்காவே பட்டுப்புடவை கட்டியிருந்தது. வளைகாப்புக்கு அழைக்கப்பட்டவர்கள் பாதிப் பேர் நடப்போர் சங்கத்துக்காரர்கள், சீசாவைப் பார்த்துவிட்டு அப்படியே மண்டபத்துக்குப் போய்விடலாம் என்று மல்லிகையும் சென்ட்டுமாக வந்திருந்தார்கள். தூங்குமூஞ்சி மரத்தில் கொக்குகள் குஞ்சுகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தன. குளத்தில் அல்லி இன்னும் மூடவில்லை. குமுதினி அரக்குப் பட்டில் வந்தாள், கண்ணுக்குக் கீழே தூங்காத கறுப்பு. அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்காமலே, மறுமுனைக்குப் போய் நின்றாள்.

இப்போதெல்லாம் நடுவராக இருந்த ரோஸ்லின் டீச்சர் கேள்வியைச் சத்தமாகச் சொன்னார்: “தாரிணி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனப்ப குமுதினி பெல் அடிச்சாங்களா? அடிச்சேங்கறாங்க தங்கை. அடிக்கலைங்கறாங்க அக்கா. உட்காருங்க.”

உட்கார்ந்தார்கள்.

வசுமதி மேலே போனாள். வக்கீல் போன மாதிரி மெதுவாக அல்ல, கிணற்றில் விழும் வாளி திசை மாறி மேலே விழுந்ததுபோல விருட்டென்று போனாள். ஒட்டகச்சிவிங்கியைத் தாண்டி, விளக்குக் கம்பத்தைத் தாண்டி, தூங்குமூஞ்சி மரத்தின் தலையைத் தாண்டி, கொக்குக் குஞ்சுகள் வாயைப் பிளந்து அவளையே பார்க்கும் உயரத்துக்குப் போய், இதுவரை அந்தப் பூங்காவில் ஜெயித்தவர்கள் யாரும் போகாத இடத்தில் நின்றாள். அங்கிருந்து மலைக்கோட்டை தெரிந்தது, காவிரிப் பாலம் தெரிந்தது, தன் வீட்டு மொட்டைமாடியில் காயும் வற்றல் தெரிந்தது, எதிர் மண்டபத்தின் திறந்த முற்றத்தில் மணை போட்டுக் கோலமிட்டிருப்பது தெரிந்தது. கீழே கைதட்டினார்கள். ஒன்றரை வருடமாக நெஞ்சில் அரிசிமூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போக, தான் எவ்வளவு கனமில்லாதவள் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. நான் சொன்னேனா இல்லையா? எத்தனை பேர் என்னைப் பொய் சொல்றேன்னு பார்த்தீங்க? இப்ப பாருங்க. நல்லாக் கழுத்தை வளைச்சுப் பாருங்க.

கீழே குமுதினி எழுந்திருக்கவில்லை. டீச்சர் அவள் தோளைத் தொட்டார். அவள் குனிந்து, பிள்ளைகள் ரகசியம் பேச மரத்தில் வாய் வைப்பார்களே, அப்படிப் பலகையில் வாயை வைத்து, மற்ற யாருக்கும் கேட்காத குரலில் பேசினாள். மரம் அதை அப்படியே மேலே கொண்டுவந்தது. வசுமதிக்குத் தன் தொடைக்குக் கீழே தங்கையின் குரல் அதிர்வது தெரிந்தது.

“நீ சொன்னது சரிதான்க்கா. பெல் அடிக்கலை. ஆனா வந்தேன். உன் வாசல் வரைக்கும் வந்து, முதல் பத்திரிகையோட நின்னு, பெல்லுக்குக் கையைத் தூக்கினேன். ஜன்னல் திறந்திருந்துச்சு. நீ ஃபோன்ல கலா மதினிகிட்ட பேசிக்கிட்டிருந்தே. ‘அந்தக் கறுப்புக்கு இப்படி ஒரு மாப்பிள்ளை வந்ததே பெருசு, குமுதி தலைகீழா நின்னாலும் இன்னொரு இடம் அமையாது’ன்னு சொல்லிச் சிரிச்சே. தூக்கின கையை இறக்கிட்டேன். இதை வெளியே சொன்னா என் பொண்ணு காதுக்குப் போகும். பெரியம்மான்னா உயிரை விடறவ அவ. அதான் பெல் அடிச்சேன், நீ திறக்கலைன்னு சொன்னேன். பொய்தான்.”

“ஏய், நான் பாசத்துல…” என்று ஆரம்பித்தாள் வசுமதி. அவளுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்று நினைத்த அடுத்த மூச்சிலேயே, எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொங்கியதும், ஃபோனைத் தோளில் இடுக்கியிருந்ததும், கலா மதினி மறுமுனையில் கெக்கலி கொட்டியதும் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அந்தப் பிள்ளையின் கறுப்பில்தான் தினமும் சாயங்காலம் தேங்காய் எண்ணெய் தடவிக் கன்னத்தைக் கிள்ளியிருக்கிறாள். அந்தக் கறுப்பை அவளைவிட யார் கொஞ்சியிருக்கிறார்கள்? கொஞ்சியவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல உரிமை இல்லையா? இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் காற்றுதான் போனது.

பலகை ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. அன்று அதனிடம் வைக்கப்பட்ட கேள்வி பெல்லைப் பற்றியது. பெல் அடிக்கவில்லை. வசுமதி சரி.

குமுதினி எழுந்தாள். புடவைக் கொசுவத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள், ‘சரி, இறங்கி வா’ என்ற இரண்டு மூன்று சொல்தானே, இத்தனை மாதமாக அந்த ஊரில் தோற்ற எல்லோரும் சொன்னதுதானே என்று. அவள் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை. “அத்தான், நல்ல நேரம் போயிடும். நீங்க வாங்க” என்று மட்டும் நாகசுந்தரத்திடம் சொல்லிவிட்டு, மண்டபத்தைப் பார்த்து நடந்தாள்.

நாகசுந்தரம் கழுத்தை வளைத்து மனைவியைப் பார்த்தார். “வசு, நான் போய் ஆசீர்வாதம் பண்ணிட்டு வந்துடறேன். ஒருத்தராவது போகணும்ல?” என்றார். அவர் திருமண வாழ்க்கையில் அவளைக் கேட்காமல் எடுத்த மிகச் சில முடிவுகளில் அது ஒன்று.

பட்டுப்புடவைகள் ஒவ்வொன்றாகப் பூங்கா வாசலைத் தாண்டின. வக்கீல் மட்டும் கொஞ்சம் நின்று, அந்த உயரத்தில் மதிய வெயில் எப்படி இருக்கும் என்று அனுபவத்தோடு இரக்கப்பட்டு, பிறகு மண்டபத்திலிருந்து கேசரி வாசனை வந்ததும் போய்விட்டார். டீச்சர் தன் குடையைச் சீசாவின் அடியில் சாத்தி வைத்தார். அது எட்டாது என்று அவருக்கும் தெரியும்.

நாதஸ்வரம் ஆரம்பித்தது. மேலிருந்து பார்க்க மண்டபத்து முற்றம் ஒரு தாம்பாளம் அளவுக்கு இருந்தது. நடுவில் மாம்பழ நிறப் புடவையில் தாரிணி, தெளிவாக, தனியாக, வாசலையே பார்த்து உட்கார்ந்திருந்தாள். யாரோ அவளிடம் குனிந்து எதையோ சொல்ல, அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா, அந்தத் தூரத்தில் தெரியவில்லை. தட்டில் பச்சையாக ஒன்று இருந்தது. அதை யாரும் இன்னும் எடுக்கவில்லை. எடுக்கத்தான் போகிறார்கள்.

வசுமதி முதலில் அதட்டிப் பார்த்தாள். கான்வென்ட்டில் படித்தபோது மைதானத்தில் கடைசி வரிசை வரைக்கும் கேட்ட குரல் அது. “குமுதி! இறக்கி விடுடி! விளையாடறியா?” கொக்கு ஒன்று கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு மீனைக் கக்கியது. பிறகு, “சரி, நான்தான் தப்பு, போதுமா?” என்று சொல்லிப் பார்த்தாள். பலகை அந்த மாதிரிச் சொல்லுக்கெல்லாம் அசைகிற பலகை இல்லை. போதுமா என்று கேட்டு ஒப்புக்கொள்வதை அது இத்தனை மாதமாக எத்தனையோ பேரிடம் பார்த்திருந்தது.

தாரிணியின் மாமியார் தட்டைக் கையில் எடுத்தார். குமுதினி முற்றத்துத் தூண் ஓரமாக நின்றாள். நின்றவள், ஒரு கணம், பூங்காப் பக்கம் தலையைத் தூக்கியதுபோல இருந்தது.

வசுமதி இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மரத்தில் வாயை வைத்தாள். காலியாகக் கிடந்த மறுமுனைக்கு அது போய்ச் சேரும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

“குமுதி, திரும்பி வந்து எதிர்ல உட்காருடி. இந்தத் தடவை பெல்லைப் பத்திக் கேட்காதே. நான் ஃபோன்ல சொன்னேனா இல்லையான்னு கேளு. மேலே போறது நீதான்.”